வயர்வேயில் 24 கம்பி: கம்பியின் மின்சாரக் கொள்ளளவைக் குறைக்க வேண்டுமா?

பைப்_வளைப்பவன்:
டல்லாஸில் ஒரு கிடங்கு வேலை. பேனலுக்கு மேல் நாலுக்கு நாலு அங்குல இரும்பு வயர்வே (கம்பிகள் ஓடும் நீளப் பெட்டி). உள்ளே 20 ஆம்பியர் சர்க்யூட் 12, எல்லாமே 12 ஏடபிள்யூஜி (அமெரிக்கக் கம்பி அளவு) டிஎச்எச்என் (வெப்பம் தாங்கும் உறை போட்ட) செம்பு. ஹாட் (மின்சாரம் வரும் கம்பி), நியூட்ரல் (திரும்பும் கம்பி) சேர்த்து 24 கம்பி. கம்பிகள் நெருங்கி ஓடினால் கொள்ளளவைக் குறைக்கும் அட்டவணைப்படி 21 முதல் 30 கம்பி வரை 45 சதவீதம்தான். கம்பியின் 30 ஆம்பியர் 13.5 ஆகிவிடுமே! ஃபோர்மேன் "பேசாமல் மூடியைப் போடு" என்கிறார். வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார்.

பழைய_ஜர்னிமேன்:
அவர் சொன்னது சரிதான். காரணம் சொல்லியிருக்கலாம். என்ஈசி (அமெரிக்க மின் விதிநூல்) 376.22-இல் பாருங்கள்: உலோக வயர்வேயில் ஒரே இடத்தில் மின்சாரம் பாயும் கம்பி 30-ஐத் தாண்டினால்தான் குறைப்பு. கிரவுண்ட் கம்பி எண்ணிக்கையில் வராது. ஆனால் கம்பிகள் 20 சதவீதப் பரப்புக்கு மேல் அடைக்கக்கூடாது. உங்களுக்கு 3.2 சதுர அங்குலம் உண்டு, பாதிகூட நிறையாது.

சரி, அங்கிருந்து வெளியே போகும் பைப்பில் எத்தனை?

பைப்_வளைப்பவன்:
இரண்டு பைப், ஒவ்வொன்றிலும் 12 கம்பி. நாற்பது அடி ஓட்டம்.

பழைய_ஜர்னிமேன்:
மாட்டிக்கொள்ளப்போவது அங்கேதான்! பைப்பில் அந்த அட்டவணை அப்படியே பொருந்தும்: 10 முதல் 20 கம்பி வரை பாதி. 30 ஆம்பியர் 15 ஆகிவிடும், 20 பிரேக்கருக்குப் போதாது. 24 அங்குலத்துக்குள் நிப்பிளாக (குட்டைப் பைப்பாக) இருந்தால் விலக்கு. நாற்பது அடிக்கு ஏது? மூன்றாவது பைப் போட்டு எட்டெட்டாகப் பிரியுங்கள். 70 சதவீதம், 21 ஆம்பியர்.

பைப்_வளைப்பவன்:
ஐயோ, நாளைக்கு ஏணியில்தான் பொழுது போகும். நன்றி அண்ணே.