அடிபட்ட ராணுவ வீரர்களுக்கு கால், வீல்சேர் பண்ற ரிசர்ச் வேலை – உங்க அனுபவத்தையும் போடுங்க

பயோமெடிக்கல் முடிச்சிட்டு இந்தப் பக்கம் வரலாமான்னு ரெண்டு மூணு தம்பி தங்கச்சிங்க கேட்டிருந்தீங்க. நான் ஏழு வருஷமா இதுலதான் இருக்கேன், செயற்கை முழங்கால் டிசைன். சம்பளம் எவ்ளோ, எந்த காலேஜுன்னு சொல்றதுக்கு முன்னாடி எனக்கு நடந்த ஒன்னை சொல்லிடறேன்.

சேர்ந்த முதல் வருஷம். வேலூர் பக்கத்துல இருந்து ஒரு பட்டாளத்துக்காரர் டெஸ்டிங்குக்கு வந்தார், அந்தப் பக்கம் சில ஊர்ல வீட்டுக்கு ஒருத்தர் மிலிட்டரியில இருப்பாங்கல்ல, அப்படி ஒரு ஊர். கண்ணிவெடியில கால் போச்சு, முதல்ல முட்டிக்கு கீழ எடுத்திருக்காங்க, அப்புறம் சீழ் வெச்சு முட்டிக்கு மேலயே எடுக்க வேண்டியதாயிடுச்சு. நாங்க உடம்பெல்லாம் மார்க்கர் ஒட்டி, கால் ஊன்றற பாரத்தை அளக்கற ஃபோர்ஸ் பிளேட் மேல நடக்க வெச்சு, கேமரால எடுத்தோம். கிராஃப் எல்லாம் அவ்ளோ அழகா வந்துச்சு, எனக்கு சந்தோஷம் தாங்கல.

அவர் கழட்டும்போது பைக்குள்ள இருந்து ஒரு துணி மூட்டையை எடுத்தார், உள்ள பூரா ஸ்டம்ப்புக்கு, அதாவது எடுத்தது போக மிச்சம் இருக்கற காலுக்கு, போடற சாக்ஸ், மெல்லிசு தடிப்புன்னு தனித்தனியா சுருட்டி வெச்சிருந்தார். "தம்பி, காலைல ஒன்னு போடுவேன், மத்தியானம் இன்னொன்னு, பொழுது சாயறப்ப மூணாயிடும், நாள் ஆக ஆக ஸ்டம்ப் வத்திக்கிட்டே போகும், அதை சொருகற கிண்ணம், இந்த சாக்கெட், லொடலொடன்னு ஆடும். நீங்க காலைல பத்து மணிக்கு ஏசி ரூம்ல வெச்சு எடுத்தா என்னா தெரியும்? சாயங்காலம் எடுங்க"ன்னார். எனக்கு சுருக்குனு ஆயிடுச்சு.

சரிங்கண்ணான்னு சொல்லி அன்னிக்கே அஞ்சரை மணிக்கு மறுபடி எடுத்தோம். அதே ஆளு, அதே முழங்கால், ஆனா நடை வேற. நல்ல கால் பக்கமே சாஞ்சு, செயற்கைக் கால்ல வெயிட் வெக்கவே பயந்து பயந்து நடந்தார். அதுக்கப்புறம் எங்க டெஸ்டிங் எதுவா இருந்தாலும் காலைல ஒன்னு சாயங்காலம் ஒன்னு.

இன்னொன்னும் கேட்டார், தரையில உக்காந்து சாப்பிட முடியுமா, பஸ்ஸுல சீட்டுக்கு நடுவுல மடக்கி வெக்க முடியுமான்னு. நம்ம ஊருக்கு முழங்கால் பண்றவங்க இதைத்தான் முதல்ல யோசிக்கணும். 2022ல ஐஐடி மெட்ராஸ் கொண்டு வந்த கதம் முழங்கால் 160 டிகிரி வரைக்கும் மடங்கும், அந்த டிகிரியோட அருமை ஆட்டோல ஏறி இறங்குறவங்களுக்குத்தான் தெரியும். அதுல ஒத்தை கீல் கிடையாது, நாலு லிங்க் சேர்ந்து மடங்கும், சுழற்சி மையம் நகர்ந்துகிட்டே இருக்கும். அதனால குதிகால் ஊன்றப்ப சட்டுனு மடங்கிக் கவுத்துடாது, காலைத் தூக்கி வீசுறப்ப கொஞ்சம் குட்டையாகும், கட்டைவிரல் தரையில இடிக்காது.

பணம்னு பாத்தா ஆரம்பத்துல கம்மிதான், ப்ராஜெக்ட் அசோசியேட்னு வருஷா வருஷம் கான்ட்ராக்ட். ஒரு தடவை எக்ஸ்டென்ஷன் ஆர்டர் லேட்டாகி மூணு மாசம் சம்பளமே இல்லாம இருந்திருக்கேன், வீட்டுல பட்ட கஷ்டம் எனக்குத்தான் தெரியும். அப்பவும் விட்டுட்டு போக மனசு வரல.

—

பிட்ஸ்பர்க்_தமிழன்:

நான் வீல்சேர் சைடு ப்ரோ. இங்க அமெரிக்காவுல, பிட்ஸ்பர்க்ல ஒரு பெரியவரைப் பாத்தேன், வியட்நாம் போர்ல முதுகுத்தண்டுல அடி. காலைப் பத்தி ஒரு வார்த்தை பேசல, தோள்பட்டையைப் பத்தியே பேசினார், சட்டை மாட்ட கையைத் தூக்க முடியல அவருக்கு. இருபது வயசுல அடிபட்டவர் அம்பது வருஷம் கையாலயே சக்கரத்தைத் தள்ளினா தோள் என்னத்துக்கு ஆகும் சொல்லுங்க. இந்த ஊர்ல ரோரி கூப்பர்னு ஒரு ப்ரொஃபசர், அவரே அமெரிக்க ஆர்மியில இருந்தவர், 1980ல ஜெர்மனியில சைக்கிள்ல போறப்ப விபத்துல முதுகுத்தண்டு போச்சு. அப்புறம் இன்ஜினியரிங் படிச்சு, 1988 சியோல் பாராலிம்பிக்ல வீல்சேர் ரேஸ்ல வெண்கலம் வாங்கி, 1994ல இங்க லேப் ஆரம்பிச்சார். கை எவ்ளோ ஃபோர்ஸ்ல தள்ளுதுன்னு சக்கர வளையத்துலயே சென்சார் வெச்சு அளந்தாங்க. குட்டி குட்டியா அடிக்கடி தள்ளாம நீளமா தள்ளி, கையை வளையத்துக்கு கீழ தொங்க விட்டு திரும்பக் கொண்டு வந்தா தோளுக்கு நல்லதுன்னு இந்த மாதிரி ஆராய்ச்சியிலதான் தெரிஞ்சுது. பின் சக்கர ஆக்ஸிலை கொஞ்சம் முன்னாடி தள்ளினாலே வித்தியாசம் தெரியும், ஆனா சேர் பின்னாடி கவுற வாய்ப்பும் கூடும், அதனால ஆள் உக்காந்து பாத்துத்தான் செட் பண்ணணும். ரோபோ கை, ஏஐன்னு வர்ற பசங்க இந்த வேலையையும் செஞ்சு பாக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை.

—

லிம்ப்_அண்ணன்:

நான் இன்ஜினியர் இல்லீங்க, ப்ராஸ்தெடிக்ஸ், அதாவது செயற்கை கை கால் செஞ்சு மாட்டற படிப்பு படிச்சவன், லிம்ப் வொர்க்‌ஷாப்புல இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. புனே ஆர்மி லிம்ப் சென்டர் 1944லயே, ரெண்டாம் உலகப்போர் நடக்கறப்பவே ஆரம்பிச்சது, அங்க கால் மாட்டிக்கிட்ட பழைய ஜவான்கள் நிறைய பேர் எங்கிட்ட ரிப்பேருக்கு வருவாங்க. படிக்கிற பசங்களுக்கு நான் சொல்றது, கையை வெச்சுப் பாருங்க. முட்டிக்கு கீழ எடுத்த காலுக்கு சாக்கெட் அச்சு எடுக்க ஈர பிளாஸ்டர் பேண்டேஜ் சுத்தி, காயறதுக்குள்ள முட்டிச்சில்லுக்கு கீழ இருக்கற தசைநார்ல ரெண்டு கட்டைவிரலையும் வெச்சு அழுத்திப் புடிக்கணும், அந்த எடம் பாரம் தாங்கும். வெளிப்பக்கம் ஒரு எலும்பு மொட்டு மாதிரி இருக்கும், அங்க இடம் விடணும், விடலைன்னா ஒரே நாள்ல புண்ணாயிடும். ஒரு ஹவில்தார், புது சாக்கெட் போட்டு நல்லா இருக்குன்னுதான் சொன்னார், பட்டாளத்துக்காரங்க வலிக்குதுன்னு லேசுல சொல்ல மாட்டாங்க, கழட்டிப் பாத்தா அந்த எடம் சிவந்து கொப்புளமே வந்திருக்கு. அன்னிலேருந்து வாய்ல கேக்கறதோட நான் நிறுத்தறதில்ல, தோலைப் பாத்துட்டுத்தான் அனுப்புவேன்.

—

பட்டாளத்து_மகள்:

படிச்சுட்டு அழுதுட்டேன். எங்கப்பாவும் பட்டாளத்துல நாயக் ரேங்க்ல இருந்தவர்தான், வலது கால் முட்டிக்கு கீழ இல்ல. வீட்டுல அந்தக் கால் கதவுக்குப் பின்னாடிதான் சாத்தி வெச்சிருக்கும், கல்யாணம் காட்சிக்கும் பேங்குக்கும் மட்டும் மாட்டுவார், மத்த நேரம் கக்கத்துல கட்டைதான். பழக்கம்னு நினைச்சிட்டு இருந்தேன், வலிக்குதான்னு ஒரு நாளும் கேட்டதில்ல. நான் இப்ப பயோமெடிக்கல் மூணாவது வருஷம் அண்ணா, எங்க ஆரம்பிக்கணும்?

—

போஸ்ட் போட்டவன்:

தங்கச்சி, எம்.டெக் சேர்றதுக்கான கேட் (GATE) பரீட்சை எழுது, லீவுல ஏதாவது ஒரு லிம்ப் வொர்க்‌ஷாப்புல ஒரு மாசமாவது நில்லு, லிம்ப் அண்ணன் மாதிரி ஆளுங்க பக்கத்துல. அதுக்கு முன்னாடி இன்னிக்கே ஒரு நோட்டு எடு. அப்பா எத்தனை மணிக்கு காலை மாட்டுறார், எத்தனை மணிக்கு கழட்டுறார், கழட்டினதும் எந்த எடத்தைத் தேய்ச்சு விடறார்னு ஒரு வாரம் எழுது. அப்பாகிட்ட சொல்லிட்டே எழுது, ஒளிச்சு வேண்டாம். எழுதி முடிச்சதும் இங்க போடு, நானும் லிம்ப் அண்ணனும் பாக்கறோம்.