பந்து எங்க காலில்தான், கோல்தான் வரல: காலியாகுற இடத்துக்கு யாரை ஓட விட?

கோச் அண்ணன்மாருக்கு வணக்கம். நாங்க கன்னியாகுமரி மாவட்டத்துல தூத்தூர் பக்கம் கடற்கரை ஊர் ஃபுட்பால் டீம். எல்லாம் பதினெட்டு, பத்தொன்பது வயசுப் பயலுக. மணல் கிரவுண்டு, பந்து மெதுவாத்தான் உருளும். 4-2-3-1 ஆடுறோம்: பின்னால நாலு, நடுவுல ரெண்டு, அவங்க முன்னால மூணு, மேல ஒரு ஸ்ட்ரைக்கர். ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால ஆடுற பத்தாம் நம்பர் பையன் இடதுகால், பாஸ் அபாரம், ஓட்டம் கம்மி.

ரெண்டு மாசமா பந்து முழுக்க எங்ககிட்டதான் இருக்கு, கோல் இல்ல. எதிராளி நெருக்கினதும் இவன் பந்து வாங்க எங்க ஸ்டாப்பர் (நடு டிஃபெண்டர்) காலடி வரைக்கும் இறங்கிடுறான். மேல ஸ்ட்ரைக்கர் ஒத்தையா நிக்கான். கடைசி நாலு ஆட்டத்துல ஒரே கோல், அதுவும் கார்னர்ல.

சாயாக்கடையில இதுக்கு ரெண்டு கட்சி. இத்தாலிக்காரன் பிர்லோவை கோச் அன்செலோட்டி ஏசி மிலான்ல பின்னால இறக்கின மாதிரி இவனையும் இறக்குன்னு ஒரு கூட்டம். 2010 உலகக் கோப்பை ஸ்பெயின் டீம்ல இனியெஸ்டா மாதிரி மேலேயே நிறுத்துன்னு இன்னொரு கூட்டம். (அந்த ஸ்பெயினே நாக்அவுட் நாலையும் 1-0ன்னுதான் ஜெயிச்சது, அதைச் சொன்னா கேக்க ஆளில்ல.)

ரெண்டு ஆட்டம் ஆறாம் இடத்துல, அதாவது டிஃபென்ஸுக்கு நேர் முன்னால, போட்டேன். பாஸ் பிரமாதம், ஆனா பந்து பறிபோனா துரத்த மாட்டான். கேரளா எல்லை தாண்டி வந்த டீம் நடுவுலயே பொளந்துட்டுப் போச்சு. ஸ்ட்ரைக்கரா விட்டா உயரமான ஸ்டாப்பருங்களுக்கு இடையில காணாமப் போனான். இறங்காதலேன்னு கத்தினேன், அரைமணி நேரம் பந்தையே தொடல.

அடுத்த டூர்ணமென்டுக்கு மூணு வாரம் இருக்கு. அவன் இறங்கட்டும்னு விட்டா, மேல காலியாகுற இடத்துக்கு உள்ள ஓட வேண்டியது ஓரத்துல ஆடுற விங்கரா, நடுவுல அவனுக்குப் பின்னால நிக்குற ரெண்டு பேர்ல ஒருத்தனா?