லிஸ்டில் எழுதியது ஒன்று, பையில் வந்தது ஒன்று: முதல் கேமிங் பிசி அனுபவங்கள்

முதன்முதலாக பிசி அசெம்பிள் செய்யப் போகிறேன், என்ன வாங்கலாம் என்று யாராவது கேட்டால் ஆளாளுக்கு ஒரு லிஸ்ட் கொடுத்துவிடுகிறோம். லிஸ்ட் போடுவது பெரிய விஷயமே இல்லை. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்குள் நுழைந்த பிறகு நடப்பதுதான் கதை. என் கதையை முதலில் சொல்கிறேன். உங்களுடையதையும் போடுங்கள்.

2023 ஜனவரி. வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம், கையில் 60,000 ரூபாய். மானிட்டர் அண்ணனுடைய பழையது, அதற்குச் செலவில்லை. மூன்று மாதம் யூடியூப் பார்த்துத் தேற்றிய லிஸ்ட் இது: ரைசன் 5 5600 ப்ராசஸர், பி550 மதர்போர்டு, எட்டு எட்டு ஜிபியாக இரண்டு ரேம், ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 550 வாட் ‘ப்ரான்ஸ்’ (Bronze) தரப் பவர் சப்ளை, முன்பக்கம் வலை வைத்த கேபினட். 6600 ஏன் என்றால், 8 ஜிபி மெமரி, 132 வாட்தான் இழுக்கும், 1080பி-யில், அதாவது ஃபுல் எச்டி திரையில், ஆடுகிறவனுக்கு அதற்கு மேல் தேவையில்லை. அப்போது என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050 கார்டுக்கு இதைவிட அதிக விலை கேட்டார்கள், வேகமோ இதைவிடக் குறைவு.

சனிக்கிழமை அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி, சென்னையில் கணினிச் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்கு நடந்தேன். மூன்று கடை ஏறி இறங்கியாகிவிட்டது. ஒரு இடத்தில் கார்டு இருந்தால் போர்டு இல்லை, போர்டு இருந்தால் விலை கட்டவில்லை. நான்காவது கடையில் எல்லாம் இருந்தது, ப்ராசஸர் மட்டும் இல்லை. “5600 ஸ்டாக் இல்ல தம்பி. 5600ஜி எடுத்துக்கோங்க. அதேதான், கூட கிராபிக்ஸும் உள்ளயே இருக்கு. ரேட்டும் ஒண்ணுதான்.”

அதே இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக மெமரியான எல்3 கேஷ் 5600-இல் 32 எம்பி, ஜி-யில் பாதி, 16. கிராபிக்ஸ் கார்டோடு பேசும் பிசிஐஇ பாதை அதில் 4.0, இதில் 3.0. அந்த ஒரு எழுத்துக்குள் இவ்வளவும் இருக்கிறது. ஆனால் மணி இரண்டரை, சாப்பிடவில்லை, தோளில் ஏற்கெனவே கேபினட் பெட்டி. சரி, போடுங்கள் என்றுவிட்டேன்.

பில் இல்லாமல் என்றால் குறைத்துத் தருகிறேன் என்றார். 18 சதவீத ஜிஎஸ்டி சும்மா இல்லை, மனம் ஆடத்தான் செய்தது. இருந்தாலும் பில் போட்டே வாங்கினேன். அன்றைக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

ராத்திரி அறையில் உட்கார்ந்து மாட்ட ஆரம்பித்தேன். ரைசனோடு வரும் சின்னக் கூலருக்கு, போர்டில் ஏற்கெனவே இருக்கும் பிளாஸ்டிக் தாங்கிகளைக் கழற்ற வேண்டும். நான்கு ஸ்க்ரூவையும் கழற்றினேன். டொப்பென்று ஒரு சத்தம். போர்டுக்கு அடியில் இருந்த இரும்புத் தகடு தரையில் விழுந்துவிட்டது. எதையோ உடைத்துவிட்டேன் என்று கை நடுங்கிப்போனது. உடையவில்லை, அந்தத் தகட்டைப் பிடித்துக்கொண்டிருந்ததே அந்த நான்கு ஸ்க்ரூதான். ஒரு கையால் அடியில் தகட்டைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் கூலரை வைத்து, எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். இதைப் படிக்கிற புதியவர்களுக்கு: தகட்டை விரலால் தாங்கிக்கொண்டே கழற்றுங்கள்.

ஒன்றரை மணிக்கு டிஸ்ப்ளே வந்தது. ரேம் 2400-இல் ஓடிக்கொண்டிருந்தது. போர்டின் அடிப்படை செட்டிங்கான பயாஸுக்குள் போய், ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி-யை ஆன் செய்த பிறகுதான் 3200 காட்டியது. காசு கொடுத்து வாங்கிய வேகத்தை நாம்தான் போய்த் திறந்துவிட வேண்டியிருக்கிறது.

கதை இதோடு முடியவில்லை. எட்டாவது மாதம் கிராபிக்ஸ் கார்டின் ஒரு ஃபேன் கரகரவென்று அரைக்க ஆரம்பித்து, ஒருநாள் நின்றே போனது. பில் இருந்ததால் வாரண்டியில் எடுத்துக்கொண்டார்கள். திரும்பி வர ஐந்து வாரம். அந்த ஐந்து வாரமும், எட்டு மாதமாக நான் திட்டிக்கொண்டிருந்த அந்த ‘ஜி’தான் சோறு போட்டது. கேபிளை போர்டில் மாற்றிச் செருகினேன், உள்ளேயே இருந்த வேகா 7 கிராபிக்ஸில் வேலரன்ட் கேம் நன்றாகவே ஓடியது. லிஸ்டில் இருந்த 5600 வந்திருந்தால் ஐந்து வாரம் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இதற்காகக் கடைக்காரருக்கு நன்றி சொல்வதா, தெரியவில்லை. அவர் இதை நினைத்துக் கொடுக்கவில்லை.

*

மதுரையிலிருந்து.

நீங்களாவது கேபிளைத் தெரிந்து மாற்றினீர்கள். நான் இன்டெல் ஐ3 12100எஃப் ப்ராசஸர் வாங்கியவன். எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது என்று பாடம் எடுக்கும் அளவுக்குத் தெரியும். எல்லாம் மாட்டி சுவிட்சைத் தட்டினேன். ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, திரையில் “நோ சிக்னல்”. ரேமைக் கழற்றி மாட்டினேன். போர்டில் இருக்கும் சின்ன சிமாஸ் பேட்டரியை எடுத்துப் போட்டேன். இரண்டு நாள் தூக்கமில்லை. மூன்றாம் நாள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் வாங்கிய கடைக்கே போனேன்.

கடைப் பையன் பின்பக்கம் பார்த்தான், எச்டிஎம்ஐ கேபிளை மேலே போர்டில் இருந்து உருவிக் கீழே கிராபிக்ஸ் கார்டில் செருகினான். படம் வந்துவிட்டது. எஃப்-இல் கிராபிக்ஸ் இல்லை என்று தெரிந்தவனுக்கு, போர்டில் இருக்கிற அந்த ஓட்டை வெறும் ஓட்டைதான் என்று தோன்றவில்லை பாருங்கள். கடைக்கார அண்ணன் சிரிக்காமல் டீ சொன்னார். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

*

கோவை.

பட்ஜெட் 30,000 மட்டும். புதுக் கார்டு நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. 2022 செப்டம்பரில், கிராபிக்ஸ் கார்டுகளை ஓடவிட்டு எத்தீரியம் என்ற கிரிப்டோ காசு சம்பாதிக்கும் மைனிங் நின்றதும் பழைய கார்டுகள் வந்து கொட்டின அல்லவா, அந்தச் சமயம். ஆர்எக்ஸ் 580 8 ஜிபி என்று விளம்பரம் பார்த்து, காந்திபுரத்தில் ஒரு டீக்கடையில் வைத்துக் கைமாறியது. விற்ற பையன் கல்லூரி மாணவன், கார்டைத் துடைத்துப் பளபளவென்று கொண்டுவந்திருந்தான்.

வீட்டில் மாட்டி கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைப் போட்டுப் பார்த்தால், ஷேடர் (கார்டுக்குள் கணக்குப் போடும் சின்னச் சின்ன கோர்கள்) 2048 என்று காட்டுகிறது. அசல் 580-க்கு 2304 இருக்க வேண்டும். பெட்டியைத் தேடி எடுத்துப் பார்த்தேன், சின்ன எழுத்தில் “2048எஸ்பி” என்று போட்டிருக்கிறது. பெயர் 580, உள்ளே கணக்கு அதற்குக் கீழ் மாடலான 570. அடுத்து டிரைவர் போட்டால் திரை கறுத்துப்போகிறது. மைனிங்குக்காக முன்னால் வைத்திருந்தவர் கார்டின் பயாஸை மாற்றி எழுதியிருக்கிறார். பழைய பயாஸைத் தேடி எழுதி முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

ஆனால் ஏமாந்தேன் என்று சொல்லமாட்டேன். பெட்டியைப் படிக்காமல் வாங்கினேன், அவ்வளவுதான். அந்தக் கார்டு இன்னும் தம்பி கணினியில் ஓடுகிறது. பழைய கார்டு வாங்கப் போகிறவர்கள் விற்பவர் வீட்டுக்கே போய், ஓடுகிற நிலையில், அந்த மென்பொருளைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். டீக்கடையில் பிளக் பாயின்ட் இருக்காது.

*

விருதுநகர் பக்கம் ஒரு ஊர். நான் அக்கா, பிசி தம்பிக்கு.

இவன் லிஸ்டில் எல்லாம் சரியாக இருந்தது, கடையிலும் எதையும் மாற்றவில்லை. எங்களுக்குப் பிரச்சினை வீட்டில் காத்துக்கொண்டிருந்தது. கேபினட்டைத் தொட்டால் சுரீரென்று ஒரு கடி. பெரிய ஷாக் இல்லை, எறும்பு ஊர்கிற மாதிரி. ஈரக் கையோடு தொட்ட அம்மா அன்றைக்கே பெட்டிக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவு செய்துவிட்டார்கள். டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரிகிறது. தம்பி பவர் சப்ளைதான் கோளாறு என்று கடையில் சண்டை போட்டு வேறு மாற்றி வாங்கி வந்தான். அதுவும் கடித்தது.

எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து பார்த்தார். பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் கபாசிட்டர் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் எப்போதுமே பெட்டிக்குக் கசியுமாம். எர்த் ஒயர் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால், 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி பெட்டியிலேயே நிற்கும். கரண்ட் ரொம்பக் குறைவு என்பதால் கடியோடு போகிறது. அப்படியானால் எர்த் எங்கே போனது? மூன்று ஓட்டை பிளக்கில் மேல் ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை. இருபது வருடத்துக்கு முன்னால் கட்டிய வீடு. ஃப்ரிட்ஜுக்கு மட்டும் எர்த் இழுத்திருக்கிறார்கள், ஹாலுக்கு இல்லை.

புது ஒயர் இழுத்தும் கடி முழுசாகப் போகவில்லை. அப்புறம் கொல்லைப்புறத்தில் எர்த் குழி எங்கே என்று தேடினோம். அதன் மேல் அம்மா துவைகல்லைப் போட்டு வைத்திருந்தார்கள்! மூடியைத் திறந்தால் உள்ளே மண் வறண்டு பாளம் பாளமாக வெடித்திருந்தது. உப்பும் கரியும் போட்டு நான்கு குடம் தண்ணீர் ஊற்றினார். மறுநாள் டெஸ்டர் எரியவில்லை. எலக்ட்ரீஷியனுக்குக் கூலியும் ஒயரும் சேர்த்து 1,400 ரூபாய். லிஸ்டில் இதை யாரும் எழுதுவதில்லை. கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது இப்போது தம்பியின் பொறுப்பு. அம்மா பெட்டியைத் தொடுவது மட்டும் இன்னும் இல்லை.

*

சேலம்.

இங்கே எழுதுகிறவர்கள் எல்லோரும் சின்னப் பிள்ளைகளாகத் தெரிகிறீர்கள், எனக்கு 47. பிளஸ் டூ முடித்த மகன் கேமிங் பிசி கேட்டான். 25,000-க்கு மேல் முடியாது என்றேன். ஆபீஸ்களில் கழித்துக்கட்டும் பழைய டெஸ்க்டாப் ஒன்றை வாங்கி, அதில் ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு போட்டுக்கொள்ளலாம் என்று அவனே வழி கண்டுபிடித்தான். 75 வாட்தான், போர்டு ஸ்லாட்டிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளும், தனி ஒயர் வேண்டாம் என்றான். நல்ல யோசனை.

நான் ஆபீஸ் முடிந்து போய் வாங்கி வந்த 1650-இல் ஆறு பின் சாக்கெட் இருந்தது. எல்லா 1650-யும் ஒன்று இல்லையாம். வேகத்தைக் கொஞ்சம் ஏற்றி விற்கும் மாடல்களுக்குத் தனி ஒயர் கேட்கும். அந்த ஆபீஸ் பெட்டியின் பவர் சப்ளையில் அப்படி ஒரு ஒயரே இல்லை. வேறு பவர் சப்ளை மாற்றலாம் என்றால், போர்டில் இருக்கும் சாக்கெட்டே அந்தக் கம்பெனிக்கென்று தனியான ஒன்று. மறுநாள் கடையில் 300 ரூபாய் பிடித்துக்கொண்டு சாக்கெட் இல்லாத மாடலை மாற்றிக் கொடுத்தார்கள். மகன் ஒரு வார்த்தை சொல்லவில்லை, “படம் அனுப்பியிருந்தேனேப்பா” என்றதோடு சரி.

*

திருச்சி. சின்ன விஷயம்தான்.

விநாடிக்கு 144 முறை படத்தை மாற்றும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி நான்கு மாதம் 60-இல் ஆடினேன். விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் நாமாகப் போய் 144 என்று தேர்ந்தெடுக்காத வரை அது 60-லேயே நின்றது. நண்பன் வந்து மவுஸை அசைத்துப் பார்த்துவிட்டு, “இது 144-ஆடா?” என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது. நான்கு மாதமும் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று, வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே, யூபிஎஸ் எதற்கு என்று நானும் நினைத்தேன். கரண்ட் போகும்போதெல்லாம் பிசி அணைந்து எழுந்தது. எங்கள் இன்வெர்ட்டருக்குப் பின்னால் ஒரு சின்ன சுவிட்ச், ஒரு பக்கம் நார்மல், மறு பக்கம் யூபிஎஸ். அதைத் தள்ளிவிட்டேன், கரண்ட் போனதும் மாறிக்கொள்ளும் நேரம் குறைந்தது, பிசி இப்போது அணைவதில்லை. வாங்கிய நாளிலிருந்து அந்த சுவிட்சை எங்கள் வீட்டில் யாரும் தொட்டதில்லை.

*

முதலில் எழுதியவன்தான் மறுபடியும்.

விருதுநகர் அக்கா எழுதியதைப் படித்ததும் டெஸ்டரை எடுத்து என் கேபினட்டில் வைத்துப் பார்த்தேன். எரியவில்லை. வாடகை வீடு, எர்த் குழி எங்கே என்று ஹவுஸ் ஓனரிடம் கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்.

ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன், கூச்சம்தான். போர்டின் பின்பக்கப் போர்ட்டுகளைச் சுற்றி வரும் தகரச் சட்டம், ஐ/ஓ ஷீல்டு. விலை குறைந்த போர்டுகளில் அது தனியாக வரும், போர்டை வைப்பதற்கு முன்பே கேபினட்டில் அழுத்திவிட வேண்டும். ராத்திரி ஒன்றரை மணிக்கு டிஸ்ப்ளே வந்த சந்தோஷத்தில் அட்டைப்பெட்டியை மூடப் போனபோதுதான் அடியில் கிடந்ததைப் பார்த்தேன். மாட்ட வேண்டுமென்றால் போர்டை முழுக்கக் கழற்ற வேண்டும், அந்த அடித்தகடு விஷயம் வேறு ஞாபகம் வருகிறது. ஷீல்டு இன்னும் மேசை டிராயரில்தான் இருக்கிறது. பின்பக்க ஓட்டையில் போன வாரம் ஒரு பல்லி எட்டிப் பார்த்தது.