'எக்ஸ்பல்ஷன்': எம்.பி. பதவிப் பறிப்புக்கு ஒரு சொல் வேண்டும்

அன்பர்களுக்கு வணக்கம்.

அவையே தீர்மானம் போட்டு ஓர் உறுப்பினரை அனுப்பிவிடுவதையும் (எக்ஸ்பல்ஷன்) 'தகுதி நீக்கம்' என்றே எழுதிவிடுகிறார்கள். இரண்டும் வேறு. 2 ஆண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை என்றால், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 8(3)-இன்படி தகுதி தானாகப் போகும், வாக்கெடுப்பே கிடையாது. ராகுல் காந்திக்குச் சூரத் நீதிமன்றம் தண்டனை விதித்தது 2023 மார்ச் 23. மக்களவைச் செயலக அறிவிக்கை மறுநாளே வந்தது. ஆகஸ்ட் 4-இல் உச்ச நீதிமன்றம் குற்றத்தீர்ப்பையே நிறுத்திவைத்ததால்தான் 7-ஆம் தேதி பதவி திரும்பியது. தண்டனையை மட்டும் நிறுத்தியிருந்தால் போதாது.

கேள்வி கேட்கப் பணம் வாங்கிய விவகாரத்தில் 2005 டிசம்பரில் 11 பேரை (மக்களவை 10, மாநிலங்களவை 1) அனுப்பியது அவைகளின் தீர்மானம். அதற்கு 'அவைநீக்கம்' எனலாமா?

---

அவைக்குறிப்பிலிருந்து பேச்சை நீக்குவது தினமும் நடப்பது. 'அவைநீக்கம்' அதோடு குழம்பும். காவலர்கள் தூக்கிக்கொண்டுபோய் வெளியே விடுவதையும் அப்படியே எழுதுவார்கள், பாருங்கள். என் பரிந்துரை: 'உறுப்புரிமை நீக்கம்'.

பிரித்தறிய எளிய வழியும் உண்டு: மீண்டும் போட்டியிட முடியுமா? மஹுவா மொய்த்ராவை மக்களவை 2023 டிசம்பர் 8 அன்று நீக்கியது. 2024-இல் அதே கிருஷ்ணநகரில் நின்று வென்றார். 8(3)-இல் சிக்கியவர் விடுதலையாகி 6 ஆண்டு காத்திருக்க வேண்டும்.

---

அந்த அளவுகோல் கட்சித்தாவலில் நிற்காது. 2019-இல் கர்நாடக எம்.எல்.ஏ.க்கள் 17 பேரின் தகுதி நீக்கம் செல்லும் என்ற உச்ச நீதிமன்றமே, இடைத்தேர்தலில் நிற்கத் தடையில்லை என்றது. முடிவெடுத்தது யார் என்று பாருங்கள்: ஆதாயப் பதவி என்றால் தேர்தல் ஆணையத்தின் கருத்துப்படி குடியரசுத் தலைவர்; கட்சித்தாவல் என்றால் அவைத்தலைவர்; எக்ஸ்பல்ஷன் என்றால் அவை முழுவதும்.

'உறுப்புரிமை'யிலும் சிக்கல் இருக்கிறது. இலங்கை வாசகருக்கு அது முதலில் கட்சி உறுப்புரிமை. அங்கே கட்சி நீக்கினாலே, உயர் நீதிமன்றம் (நம் வழக்கில் உச்ச நீதிமன்றம்) அது செல்லாது என்று சொன்னாலொழிய, ஒரு மாதத்தில் எம்.பி. பதவி போய்விடும். இந்தியாவில் கட்சி நீக்கினாலும் பதவி நிலைக்கும். ஒரே சொல் இரண்டையும் சுமந்தால் செய்தியே தலைகீழாகும்.

என் பரிந்துரை: 'அவைப்பதவி நீக்கம்'. சற்று நீளம்தான். ஆனால் வினையாக்கினாலும் இடறவில்லை: "மக்களவை அவரை அவைப்பதவியிலிருந்து நீக்கியது." அகராதிப் பதிவு இப்படி இருக்கலாம்:

அவைப்பதவி நீக்கம் (பெ.): உறுப்பினர் ஒருவரின் பதவியை அவையே தீர்மானத்தால் பறித்தல். இடைநீக்கம், தகுதி நீக்கம் காண்க.