'விரைவில்' என்றால் எத்தனை நிமிடம்?

ஸ்டியரிங் செல்வம்:
"இடித்துவிட்டு ஓடுகிறவன் எல்லாம் கொலைகாரன், பத்து வருஷம் உள்ளே போடணும்" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். ஏசி அறையில் உட்கார்ந்தால் இப்படித்தான் வரும். புதுக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு என்ன சொல்கிறது? கண்மூடித்தனமாக ஓட்டி ஒருவர் இறந்து, விரைவில் போலீசிடமோ மாஜிஸ்திரேட்டிடமோ சொல்லாமல் தப்பினால் 10 ஆண்டு வரை சிறை. அந்த 'விரைவில்' எத்தனை நிமிடம்?

கறுப்புக்கோட்டு:
எழுதியது நான்தான். பெயரைச் சொல்லத் தைரியம் இல்லையா? 'கொலைகாரன்' என்று எழுதவில்லை, 'கொலைகாரனுக்குச் சமம்' என்றேன். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் நின்றாலும் ஓடினாலும் அதிகபட்சம் 2 ஆண்டுதான். பிறகு எவன் நிற்பான்? புதுச் சட்டத்தில் நின்று தகவல் சொன்னால் 5 வரை, ஓடினால் 10 வரை. இதில் என்ன தப்பு?

ஸ்டியரிங் செல்வம்:
பெரிய வித்தியாசம்தான், போங்கள்! கேட்டதற்குப் பதில் எங்கே? மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு, 24 மணி நேரத்துக்குள் சொல் என்கிறது. கூட்டம் அடிக்க வந்தால் காயம்பட்டவருக்கு உதவ முடியாமல் போகலாம் என்பதையும் அதே பிரிவு ஒப்புக்கொள்கிறது. 1988 சட்டத்துக்குப் புரிந்தது புதுச் சட்டத்துக்குப் புரியவில்லையா? எழுதியவர்கள் ஒரு ராத்திரியாவது லோடு ஓட்டியிருப்பார்களா? எத்தனை நிமிடம், சார்?

மழைக்காகிதம்:
உங்கள் 24 மணி நேரத்தில் குடித்தவனின் ரத்தத்தில் என்ன மிச்சம் இருக்கும்? அடிபட்டவருக்கு முதல் ஒரு மணி நேரம்தான் முக்கியம். நிமிடக் கணக்கு கேட்கிற ஆள், 112 அழுத்த எத்தனை நிமிடம் ஆகும் என்று முதலில் சொல்லட்டும்.

ஸ்டியரிங் செல்வம்:
டவர் இல்லாத காட்டு ரோட்டிலா? சரி, அழுத்திவிட்டேன் என்றே வையுங்கள். போன் போட்டால் போதும் என்று அந்தப் பிரிவில் எந்த வரியில் இருக்கிறது? காட்டுங்கள்.

கடைசி பெஞ்ச்:
அண்ணே, 2024 ஜூலை 1 அன்று மற்றதெல்லாம் அமலுக்கு வந்தபோது இந்த 106(2)ஐ மட்டும்தான் நிறுத்தி வைத்தார்கள். போடாத பந்திக்கு இலை கேட்டு அடிதடியா?

ஸ்டியரிங் செல்வம்:
ஏன் நிறுத்தினார்கள் தம்பி? அதே வருஷம் ஜனவரியில் நாங்கள் வண்டியை நிறுத்தினோம். வடக்கே பெட்ரோல் பங்கில் வரிசையில் நின்றவர்களைக் கேள். இரண்டே நாளில் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார்கள்.

கறுப்புக்கோட்டு:
மிரட்டினால் சட்டம் நிற்கும், அதில் பெருமை வேறு! இடித்த வண்டி எதுவென்றே தெரியாமல் போனால் செத்தவர் குடும்பத்துக்கு இழப்பீடு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000. அவ்வளவுதான். அவர்களுக்காக ஒரு வரி எழுதினீர்களா?

ஸ்டியரிங் செல்வம்:
2022 வரை அந்த 2 லட்சத்தை வெறும் 25,000ஆக வைத்திருந்தது லாரிக்காரனா? பேச்சை மாற்றாதீர்கள். ஹெல்மெட் விவாதத்திலும் இப்படித்தான் கேள்வி கேட்டதும் காணாமல் போனீர்கள். 106(2)ஐ முதலில் உங்கள்மேல் போடணும்.

மழைக்காகிதம்:
ஹெல்மெட் இங்கே எதற்கு வந்தது?

கறுப்புக்கோட்டு:
ஓடியது நானா? அன்று நீங்கள் எழுதிவிட்டு அழித்த பதிவைப் படம் பிடித்து வைத்திருக்கிறேன். போடவா?

கடைசி பெஞ்ச்:
போடுங்க சார், விரைவில்.

ஸ்டியரிங் செல்வம்:
தாராளமாகப் போடட்டும். அதற்குக் கீழேயே எத்தனை நிமிடம் என்பதையும் எழுதட்டும்.