பெரிய டீசல் பம்ப் மாட்டியதிலிருந்து காலையில் லாரி ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிறது

மணலி லோடு:

வணக்கம். வண்டி பழைய 6 சிலிண்டர் டர்போ லாரி. சென்சார், கம்ப்யூட்டர் ஒன்றும் கிடையாது, எல்லாமே மெக்கானிக்கல், இன்லைன் பம்ப் (சிலிண்டருக்கு ஒன்றாக எலிமென்ட் வரிசையாக இருக்கும் டீசல் பம்ப்). மணலியிலிருந்து ஒரகடம் பக்கம் இரும்பு லோடு அடிக்கிறோம். பழைய பம்பில் டீசலை அழுத்தித் தள்ளும் எலிமென்ட் தேய்ந்துவிட்டது. எப்படியும் செலவுதான், கொஞ்சம் இழுவையும் கிடைக்கட்டும் என்று பெரிய எலிமென்ட் போட்டு காலிபரேஷன் (டீசல் அளவு சரிபார்ப்பு) முடித்த பம்ப் ஒன்றை வாங்கி மாட்டினோம்.

அதிலிருந்து தினமும் காலையில் இதே கதை. செல்ஃப் அடித்தால் எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்க மாட்டேன் என்கிறது. விட்டு விட்டு நாலைந்து தடவை அடித்த பிறகு ஒன்றிரண்டு சிலிண்டர் மட்டும் தட்டுத் தடுமாறிப் பிடித்து, வண்டியே குலுங்கி, அப்புறம்தான் சமமாகிறது. ஒரு தடவை பிடித்துவிட்டால் மத்தியானம் சாப்பிட நிறுத்தி எடுத்தாலும் சாவியைத் தொட்டதும் ஸ்டார்ட். எங்கேயும் டீசல் ஒழுகவில்லை, பம்ப், ஃபில்டர், தரை எல்லாம் காய்ந்து கிடக்கிறது. பேட்டரி இரண்டும் புதுசு.

மாட்டிய மெக்கானிக் பம்ப் சரியில்லை என்கிறார், பம்ப் கடைக்காரர் மாட்டியது சரியில்லை என்கிறார். நடுவில் நான். இன்னொன்று, வெளிவட்டச் சாலையில் மேம்பாலம் ஏறும்போது சொன்ன அளவுக்கு இழுவையும் வரவில்லை. பம்பை மறுபடி இறக்கத்தான் வேண்டுமா?

டீசல் பைத்தியம்:

ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட் ஆக சிலிண்டரைச் சூடாக்கும் பிளக்) பாருங்க தலைவா. மார்கழி வேற.

24 வோல்ட்:

இந்த மாதிரி டைரக்ட் இன்ஜெக்‌ஷன் லாரி எஞ்சினில் ஹீட்டர் பிளக்குக்கு எங்கே போவது? சென்னை மார்கழியெல்லாம் டீசலுக்கு ஒரு குளிரே இல்லை.

மணலி லோடு அண்ணா, ஒரு விஷயம் சொல்லவில்லையே. செல்ஃப் அடிக்கும்போது சைலன்ஸரில் புகை வருகிறதா? ஒருவரைப் பின்னால் நிற்க வைத்துப் பாருங்கள். புகையே வரவில்லை என்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவே இல்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை, அப்போது டைமிங் (டீசல் தெளிக்கும் நேரம்), கம்ப்ரஷன் (சிலிண்டர் அழுத்தம்) பக்கம் போகலாம். பேட்டரி புதுசு என்பதோடு விடாமல், செல்ஃப் அடிக்கும்போதே மீட்டர் வைத்துப் பாருங்கள், 19 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கேபிள், எர்த் எல்லாம் பார்க்க வேண்டும்.

மணலி லோடு:

இன்று காலை கிளீனர் தம்பியை நிற்க வைத்துப் பார்த்தேன். முதலில் புகையே இல்லை. பிடிக்கப் போகும் நேரத்தில்தான் லேசாக வெள்ளையாக வந்தது. வோல்ட் 21-க்குக் கீழே போகவில்லை.

பழைய பம்ப் ரூம்:

அப்படியென்றால் பம்பை இறக்காதீர்கள். டைமிங்கையும் இப்போதைக்குத் தொட வேண்டாம். டைமிங் தள்ளிப் போயிருந்தால் முதல் சுற்றிலிருந்தே புகை கக்கியிருக்கும். எலிமென்ட் தேய்மானம் என்றால் சூட்டில்தான் ஸ்டார்ட்டிங் தகராறு வரும், ஏனென்றால் சூடான டீசல் தண்ணியாகி இடுக்கில் கசியும். உங்களுக்கு நேர் எதிர். ராத்திரி பூராவும் நின்றால் மட்டும் பிரச்சினை, புகையும் இல்லை. பம்பில் நிற்க வேண்டிய டீசல் டேங்குக்குத் திரும்பி இறங்கிவிடுகிறது, அந்த இடத்தில் காற்று உட்கார்ந்துகொள்கிறது. காலையில் நீங்கள் இத்தனை நேரம் செல்ஃப் அடிப்பது அந்தக் காற்றை வெளியே தள்ளத்தான்.

ஒழுகவில்லை என்று சொல்வதை வைத்து ஏமாற வேண்டாம். டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்ப் வரை உறிஞ்சும் பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் ஓடும்போது டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். பம்ப் மாற்றும்போது பழைய காப்பர் வாஷரையே திரும்பப் போட்டிருப்பார்கள், பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். ஒரு தடவை நசுங்கிய வாஷர் இறுகிப் போயிருக்கும், மறுபடி சரியாக உட்காராது. சிவக்கச் சூடுபண்ணித் தண்ணீரில் போட்டால் மெத்தென்று ஆகும், ஆனால் புதுசே சில்லறைக் காசுதான்.

நாளைக் காலையில் செல்ஃப் தொடுவதற்கு முன்னால் ஃபீட் பம்பில் உள்ள, கையால் டீசல் ஏற்றும் ஹேண்ட் பிரைமரை அடியுங்கள். முதலில் லொட லொட என்று காலியாகப் போய், அப்புறம் கை கனத்து இறுகினால், அதன் பிறகு வண்டியும் உடனே பிடித்தால், பாதி விடை கிடைத்துவிட்டது. அடுத்து ஃபீட் பம்பிலிருந்து ஃபில்டருக்குப் போகும் லைனில் ஒரு அடி டிரான்ஸ்பரன்ட் டியூப் போட்டு எஞ்சினை ஐடிலில் விட்டுக் குமிழி ஓடுகிறதா பாருங்கள். குமிழி ஓடினால், டேங்க் லைனைக் கழற்றிவிட்டு ஒரு கேனில் டீசல் ஊற்றி டேங்க் மட்டத்தில் வைத்து, அதிலிருந்து ஃபீட் பம்புக்கு நேராகக் கொடுங்கள். குமிழி நின்றால் குற்றம் டேங்க் பக்கம் லைனில். நிற்காவிட்டால் ஃபீட் பம்ப் வாயிலேயே.

எனக்கு இதைவிடச் சந்தேகம் ஓவர்ஃப்ளோ வால்வு மேல்தான். இழுவை வரவில்லை என்று கடைசியில் போகிற போக்கில் எழுதினீர்களே, அதுதான் முக்கியம். பம்பிலிருந்து, மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைன் புறப்படும் இடத்தில் சும்மா துளை போட்ட பாஞ்சோ போல்ட் இருக்கக் கூடாது, உள்ளே ஸ்பிரிங் வைத்த வால்வு இருக்க வேண்டும். அதுதான் பம்ப் கேலரியில் (எலிமென்ட்டுக்கான டீசல் நிற்கும் அறை) பிரஷரைப் பிடித்து வைக்கும். அது இல்லை என்றால் வந்த டீசல் எல்லாம் ரிட்டர்னில் ஓடிவிடும், எலிமென்ட் எவ்வளவு பெரிசாக இருந்தாலும் முழுசாக நிரம்பாது. லோடில் இழுவை குறையும், நின்றால் காலியாகும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு போல்ட்டும் ஒரே மாதிரி தெரியும், கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள். தாராளமாகக் காற்று போனால் அது வால்வே இல்லை.

24 வோல்ட்:

ரிட்டர்ன் ரப்பர் ஹோஸாக இருந்தால், பிரைமர் அடிக்காமல் ஒரு காலை அந்த ஹோஸை அமுக்கிப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடித்துப் பார்க்கலாம். வழக்கத்தைவிடச் சீக்கிரம் பிடித்தால் வால்வுதான். பிடித்ததும் விட்டுவிடுங்கள்.

ஒரு வேண்டுகோள், யாராவது சொன்னார்கள் என்று ஏர் கிளீனரில் பெட்ரோல் நனைத்த துணியை மட்டும் வைத்துவிடாதீர்கள், பிஸ்டன் ரிங் போய்விடும். காற்று இருக்கிறதா என்று பார்க்க, பம்பிலிருந்து நாசிலுக்கு (டீசல் தெளிப்பான்) போகும் பைப் நட்டை லூஸ் பண்ணினால் விரலால் தடவிப் பார்க்கவும் கூடாது. அந்தப் பிரஷரில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வலி பெரிசாகத் தெரியாது, ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலையே எடுக்க வேண்டி வரும்.

மணலி லோடு:

பழைய பம்ப் ரூம் அண்ணாவுக்குப் பெரிய நன்றி. பிரைமர் அடித்ததும் ஒரே செல்ஃபில் பிடித்தது. டியூப் போட்டதில் பொடிப் பொடியாகக் குமிழி. கேன் வைத்தும் நிற்கவில்லை, ஃபீட் பம்ப் வாயில் வாஷர் ஒரு பக்கம் மட்டும் பதிந்திருந்தது, மாற்றியதும் குமிழி நின்றது. ரிட்டர்னில் இருந்தது வெறும் போல்ட்தான், இந்தப் பக்கம் ஊதினால் அந்தப் பக்கம் காற்று வருகிறது. பழைய பம்பின் வால்வு டூல் பாக்ஸிலேயே கிடந்தது. அதையே போடலாமா, புதுசு வாங்கணுமா? ஆக்சிலேட்டரை மிதித்தால் கரும்புகை வேறு கொஞ்சம் அதிகமாக வருகிறது.

பழைய பம்ப் ரூம்:

இன்றைக்கு அதைக் கழுவிப் போட்டு ஓட்டுங்கள், ஸ்பிரிங் உடைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். புதுசு வாங்கும்போது பம்ப் நம்பர் பிளேட்டை போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள், எல்லா வால்வும் ஒரே பிரஷரில் திறப்பதில்லை. வால்வு போட்டால் எலிமென்ட் முழுசாக நிரம்பும், அதனால் கரும்புகை இன்னும் கூடத்தான் செய்யும். பம்ப் கடையில் காலிபரேஷன் சீட்டைக் கேட்டு வாங்குங்கள், ஃபுல் லோடு டெலிவரியைக் கொஞ்சம் குறைத்துத் தரச் சொல்லுங்கள். புகை சோதனையில் உங்கள் மாதிரி பழைய வண்டிக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் (புகை அடர்த்தி அளவு) தான் எல்லை. எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) எப்போது வருகிறது?