வீட்டிலேயே வேலை பார்ப்பவனுக்குப் பழைய ஸ்விஃப்ட்: டீசலா, பெட்ரோலா?

கோபிக்காரன்

வணக்கம். கோபிச்செட்டிபாளையத்தில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். என் ஸ்ப்ளெண்டருக்கும் அப்பாவின் எக்ஸ்எல்லுக்கும் ஆறு வருடமாக எல்லா வேலையும் நானே பார்க்கிறேன். ஸ்ப்ளெண்டர் இன்ஜினை ஒருமுறை முழுதாக இறக்கி, லேத்தில் போர் மட்டும் அடித்து வாங்கி வந்து, நானே ஏற்றினேன். இப்போது முதல் கார் வாங்கப் போகிறேன். அதையும் வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் வைத்து நானே பார்த்துக்கொள்ள ஆசை.

இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2012 ஸ்விஃப்ட் விடிஐ (டீசல்), 1,42,000 கி.மீ., இரண்டாவது ஓனர், 3.10 லட்சம் சொல்கிறார்கள். இன்னொன்று 2013 ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ (பெட்ரோல்), 71,000 கி.மீ., ஒரே ஓனர், 3.45 லட்சம். பள்ளிக்கூடம் 6 கி.மீ. தூரம். மாதம் ஒருமுறை மதுரைக்கு, மாமியார் வீட்டுக்குப் போய் வருவோம். எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 9,000 கி.மீ. தாண்டாது.

ஊரில் கேட்டால் எல்லாரும், 'டீசல் இன்ஜின் கல்லு மாதிரி. பிளக் கிடையாது, காயில் கிடையாது. கெட்டுப்போக என்ன இருக்கு?' என்கிறார்கள். வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வீட்டில் ஸ்பானர் பிடிப்பவனுக்கு எது தோது?

வைகைக்கரை

டீசலே எடுங்கள் சார். என் டிசையர் டீசல் 2,30,000 ஓடிவிட்டது, ஹெட் இன்னும் திறக்கவில்லை. நான்குவழிச் சாலையில் 22 தருகிறது. ஆனால் ஒன்று, நான் ஸ்பானர் தொடுகிற ஆள் இல்லை. எல்லாம் மெக்கானிக்கிடம்தான்.

போர்டிகோ

தம்பி, 2010-இல் புதிதாக எடுத்த ஸ்விஃப்ட் டீசலை இன்னும் வத்தலக்குண்டில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வீட்டம்மாவுக்கு ஒரு ரிட்ஸ் பெட்ரோல். இரண்டுக்கும் என் வீட்டு போர்டிகோவில் என் கையால்தான் வேலை. டீசல் என்றால் எனக்கு உயிர். அப்படியிருந்தும் உங்களுக்குப் பெட்ரோலைத்தான் சொல்வேன்.

'கெட்டுப்போக என்ன இருக்கு' என்பது பழைய டீசலுக்குச் சரியான பேச்சு. முதலில் வந்த இண்டிகாவில் எல்லாம் பம்ப் முழுக்க மெக்கானிக்கல். ஹீட்டர் பிளக்கும் டீசல் லைனில் காற்று எடுக்கிற வேலையும் தெரிந்தால் பாதி வண்டி தெரிந்த மாதிரி. நீங்கள் பார்த்திருக்கும் விடிஐயில் இருப்பது ஃபியட்டின் 1.3 மல்டிஜெட், 1248 சிசி, காமன் ரயில், அதாவது நான்கு நாசிலுக்கும் பொதுவான ஒரே குழாயில் டீசலைப் பெரும் அழுத்தத்தில் தேக்கி வைக்கிற வகை. அதிலும் பிளாக், கிராங்க் எல்லாம் கல்லுதான், மறுக்கவில்லை. காசு கேட்பது அது இல்லை. மேலே உட்கார்ந்திருக்கிற ஹை பிரஷர் பம்ப், டீசலைப் பீய்ச்சும் நான்கு நாசில், டர்போ, புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள் விடுகிற ஈஜிஆர் இவைதான் கேட்கும். இதில் ஈஜிஆரைக் கழற்றிக் கரி சுரண்டலாம். மற்ற மூன்றையும் வேப்பமரத்தடியில் திறக்க முடியாது, திறக்கவும் கூடாது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பழைய டீசலில் எந்த சிலிண்டர் மிஸ் ஆகிறது என்று பார்க்க, இன்ஜின் ஓடும்போதே நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாக லூஸ் செய்வார்கள். யாராவது உங்களுக்கும் அதைச் சொல்லிக்கொடுப்பார்கள். காமன் ரயிலில் அதைச் செய்யவே செய்யாதீர்கள். டயரில் நாம் அடிக்கிற காற்று 2 பார். அந்த ரயிலுக்குள் 1,600 பார் வரை போகும். முடியைவிட மெல்லிய கீற்றாக வந்தாலும் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு புள்ளி மட்டும்தான் தெரியும், முதலில் பெரிதாக வலிக்கக்கூட வலிக்காது. சில மணி நேரத்தில் விரல் வீங்கிக் கறுக்கத் தொடங்கும். அப்படி ஏதாவது நடந்தால் மஞ்சள் பற்று போட்டுக்கொண்டு உட்காராமல், உடனே அறுவை சிகிச்சை வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

என் கதையைக் கேளுங்கள். 2019-இல் என் டீசலில் 'சப் சப்' என்று ஒரு சத்தம். கவரைத் தூக்கினால் மூன்றாவது நாசிலைச் சுற்றித் தார் ஊற்றிய மாதிரி கரி இறுகிக் கிடந்தது. அடியிலிருக்கும் காப்பர் வாஷர் போய், சிலிண்டர் காற்று மேலே வந்திருக்கிறது. வாஷர் விலை ஒன்றுமே இல்லை. ஆனால் நாசில் வரவில்லை. மூன்று நாள் காலையும் மாலையும் துரு எண்ணெய் விட்டேன், அசையவில்லை. கடைசியில் பம்ப் கடை ஆளையே புல்லரோடு வீட்டுக்குக் கூட்டி வந்தேன். நாசிலை எடுத்து, சீட்டைக் கட்டர் வைத்துச் சுத்தம் செய்து, நான்கையும் டெஸ்ட் பெஞ்சில் போட்டுத் திரும்ப மாட்டியபோது 14,500 ரூபாய். அதில் என் உழைப்பு டார்ச் அடித்தது மட்டும்.

அதே வருடம் ரிட்ஸும் மிஸ்ஸிங் அடித்தது. ஸ்கேனர் பி0303 என்ற கோட் காட்டியது, அதாவது மூன்றாவது சிலிண்டர். அதில் ஒவ்வொரு பிளக் மேலேயும், அதற்குப் பொறி மின்சாரம் தரும் தனித்தனிக் காயில். மூன்றிலிருந்த காயிலை ஒன்றுக்கும், ஒன்றிலிருந்ததை மூன்றுக்கும் மாற்றினேன். கோட் பி0301 ஆனது. தவறு காயிலோடு நகர்ந்துவிட்டதால் காயில்தான் போயிருக்கிறது. கால் மணி நேர வேலை. நீங்கள் பார்க்கும் விஎக்ஸ்ஐயிலும் அதே கே12 இன்ஜின்தான்.

காசுக் கணக்கும் பாருங்கள். 9,000 கி.மீ.க்குப் பெட்ரோல் லிட்டருக்கு 15 தந்தால் 600 லிட்டர், 101 ரூபாய் வைத்தால் 60,600. டீசல் 19 தந்தால் 474 லிட்டர், 92.50 வைத்தால் 43,800 சொச்சம். வருடத்துக்கு மிச்சம் 17 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. என் காப்பர் வாஷர் கதை ஒருமுறை நடந்தால் அதில் பெரும்பகுதி போய்விடும். போதாக்குறைக்கு உங்கள் தினசரி ஓட்டம் 6 கி.மீ. டீசல் சூடேறுவதற்குள் பள்ளிக்கூடம் வந்துவிடும். ஈஜிஆரில் கரி சேர அதைவிட வேறு என்ன வேண்டும்?

இன்னொன்று. 2012-இல் டீசலுக்கு மானியம் இருந்தது, பெட்ரோலைவிட மிக மலிவு. 2014 அக்டோபரில்தான் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். அன்று டீசல் வாங்கியவர்களில் பலர் நிறைய ஓடுவதற்கென்றே வாங்கினார்கள். அதனால் 1,42,000 என்கிற கணக்கை நம்பும் முன் சர்வீஸ் பில், கிளட்ச் பெடல் ரப்பர், ஸ்டியரிங் தேய்மானம் மூன்றையும் பாருங்கள்.

நாமக்கல் பம்ப்

17 வருடமாக டீசல் பம்ப் கடையில் டெஸ்ட் பெஞ்சில் நிற்கிறேன். போர்டிகோ சார் சொன்னது நிஜம். ஆனால் டீசலை இவ்வளவு பயமுறுத்த வேண்டாம். எங்களிடம் வருகிற நாசில்களில் நிறைய, ஃபில்டரை ஒழுங்காக மாற்றாததாலும் தண்ணீர் வடிக்காததாலும் வருபவை. ஃபில்டர் மாற்றும்போது பைப் வாயைத் திறந்து போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார்கள். கண்ணுக்குத் தெரியாத தூசி போதும்.

அந்த டீசல் மேல் மனசு இருந்தால் வாங்கும் முன் ரிட்டர்ன் டெஸ்ட் பாருங்கள். ஆஸ்பத்திரி சலைன் டியூப் நான்கு, ஒரே அளவு பாட்டில் நான்கு. இன்ஜினை நிறுத்திவிட்டு நாசில் தலையில் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் ரிட்டர்ன் பைப்பை எடுத்து டியூபை மாட்டுங்கள், பழைய ரிட்டர்ன் லைன் வாயை அடையுங்கள். ஐடிலிங்கில் விட்டுப் பாருங்கள். இந்தப் பக்கம் பிரஷர் கிடையாது. இரும்புப் பைப்பை மட்டும் தொடாதீர்கள். நான்கு பாட்டிலும் ஏறத்தாழ ஒரே மட்டம் ஏற வேண்டும். எது எகிறுகிறதோ அந்த நாசில் தேய்ந்திருக்கிறது.

போர்டிகோ

நல்ல யோசனை தம்பி. அதோடு காலையில் முதல் ஸ்டார்ட் உங்கள் முன்னால் நடக்க வேண்டும். முதலில் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். ஓடும்போது ஆயில் கேப்பைத் திறந்தால் புகை குபுகுபுவென்று தள்ளக் கூடாது, அது பேக் கம்ப்ரஷன், சிலிண்டர் காற்று பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசிவது. ஸ்டார்ட் ஆனதும் செயின் பக்கம் சலசலப்பு நீடித்தால் விட்டுவிடுங்கள். ஆயில் குறைய விட்டு ஓட்டியிருப்பார்கள்.

கோபிக்காரன்

ஞாயிறு காலை ஆறரைக்கே டீசலைப் பார்க்கப் போனோம். பானெட் ஜில்லென்று இருந்தது. முதல் செல்ஃபிலேயே பிடித்தது, வெள்ளைப்புகை கொஞ்ச நேரம் வந்து அடங்கியது. பேக் கம்ப்ரஷன் இல்லை. அடி இன்ஜின் நீங்கள் சொன்ன கல்லேதான். ஓனர் நல்ல மனிதர், பாட்டில் டெஸ்டுக்கும் சம்மதித்தார். ஒன்று, இரண்டு, நான்கு ஆகிய மூன்று பாட்டிலும் ஒரே மட்டம். மூன்றாவது பாட்டிலில் மற்றவற்றைப் போல் இரண்டு மடங்கு. ஓனரும் உட்கார்ந்து பார்த்தார். விலையைக் குறைக்கிறேன் என்றார், ஆனால் எனக்கு மனம் வரவில்லை.

மாலையில் பெட்ரோலைப் பார்த்தோம். சர்வீஸ் பில்கள் கோப்பில் வரிசையாக இருந்தன. பிளக் நான்கையும் கழற்றிப் பார்க்க விட்டார்கள், எல்லாம் ஒரே காப்பி நிறம். 3.30-க்கு முடித்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். வண்டி வந்ததும் முதலில் எதில் கை வைக்கட்டும் அண்ணா?

போர்டிகோ

ரொம்ப சந்தோஷம் தம்பி. மீதிப் பணம் கொடுக்கும் முன் ஆர்.சி.யில் எல்பிஜி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் டிக்கியில் சிலிண்டர் கட்டிய ஓட்டைகள் இருந்தாலும் கேளுங்கள். கேஸில் ஓடிய வண்டியில் வால்வ் சீட் தேய்ந்திருக்கலாம்.

முதல் வேலை, பெட்ரோல் ஹோஸ்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 2013 வண்டியின் ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஒவ்வொரு ஹோஸையும் வளைத்துப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் மாற்றுங்கள். எத்தனாலில் சத்து குறைவு என்பதால் மைலேஜும் சற்றுக் குறையும், அதைப் பார்த்து இன்ஜினைச் சந்தேகப்பட வேண்டாம். ஹோஸைக் கழற்றும் முன் ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸை எடுத்துவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்து, தானாக ஆஃப் ஆகும்வரை விடுங்கள், லைனில் பிரஷர் இறங்கிவிடும். பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். பெட்ரோல் ஆவி தரையோடு தவழும். வேப்பமரத்தடி நல்ல இடம்தான், ஆனால் வெந்நீர் அடுப்பு அந்தப் பக்கம் இருந்தால் அன்று மூட்ட வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். வண்டிக்கு அடியில் போகிற நாளில் ஜாக்கியை மட்டும் நம்பாமல் இரண்டு ஸ்டாண்டு கொடுங்கள்.

ஹோஸ் அளவு தெரியவில்லை என்றால் பழையதை வெட்டி ஒரு துண்டு எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஃப்யூயல் இன்ஜெக்ஷன் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள், கார்புரேட்டர் ஹோஸ் அந்தப் பிரஷருக்குத் தாங்காது.